அடிமைக்கு ஆள் கிடைக்கவில்லை

அரசி வேடத்துக்கு ஏழு பேர் போட்டி போட்டார்கள். தோழிகளாக நிற்பதற்குக்கூட நீ முந்தி நான் முந்தி என்று வந்தார்கள். அடிமைப் பெண்ணாக நடிக்கத்தான் ஒருத்தியும் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வரும்போதே பட்டுப்புடவையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தவர்கள். துபாயில் அதைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு மேடை கிடைத்திருக்கும்போது, சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பார்களா? கடைசியில் அவரவர் வீட்டு வேலைக்காரிகளைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

என் பெயர் விஜி. ஊர் காளையார்கோவில் பக்கம். சுசீலா மேடத்தின் வில்லாவில் சமையல், துணி, இஸ்திரி, பிள்ளைகளின் டிபன் என்று எல்லாம் என் தலையில்தான். மேடத்தின் கணவர் கட்டட வேலைக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி வைத்திருக்கிறார். மேடம் தமிழ் மன்றத்தின் தலைவி. தமிழுக்கு ஒரு குறை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. நான் லீவு கேட்டால் மட்டும் கொட்டாவி வந்துவிடும்.

அந்த வருடம் மன்றத்துக்கு ஒரு சரித்திர நாடகம். கடல் கடந்து போய் ஒரு நாட்டையே வென்று வந்த அரசனைப் பற்றிப் பழைய புலவர் ஒருவர் பாடிய பாட்டு. அதை நாடகமாக எழுதியவர் பாலகுரு சார். கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர், தமிழ் என்றால் உயிர். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஒத்திகை மேடம் வீட்டு ஹாலில் நடந்தது. பெரிய சோபாதான் சிம்மாசனம். அதில் மேடம் அரசியாக உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் போட்டியில் யார் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோற்ற நாட்டு வீரர்களாக நடிக்க அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி ஆட்களை பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார்கள். அவர்களில் சோலையப்பன் அண்ணன் தேவகோட்டைக்காரர், சாரம் கட்டுகிற வேலை. பேச்சில் கொஞ்சம் குசும்பு உண்டு.

"எங்களுக்கு மேக்கப்மேன் வேணாம் சார். சைட்ல இருந்து குளிக்காம வந்தாப் போதும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாலகுரு சார் எங்களை வரிசையில் நிறுத்தி விளக்கினார். "நீங்க தோற்ற நாட்டுப் பெண்கள். கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து அரண்மனையில விடுறாங்க. அப்படிக் கொண்டு வந்த பெண்கள் இருந்த இடத்துக்கு வேளம்னு பேரு."

"அங்க என்ன வேலை செஞ்சாக சார்?" என்று கேட்டேன்.

"அரண்மனை வேலைதான்மா. சமையல், குளிக்க வைக்கிறது, அரசிக்குப் பணிவிடை."

"அப்ப இத எனக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல."

மேடமும் சிரித்தார். பிறகு சோபாவிலிருந்தே எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார். "அடிமைன்னா தப்பா நினைச்சுக்காத விஜி. நம்ம ராஜாக்கள் வெள்ளைக்காரன் மாதிரி கிடையாது. மரியாதையா, குடும்பத்துல ஒருத்தரா வச்சிருந்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பற்றி விருந்தாளிகளிடம் மேடம் சொல்வதும் இதே வார்த்தைதான். குடும்பத்தில் ஒருத்தி. குடும்பம் வெளியே கிளம்பும்போது உள்ளே விட்டு கேட்டைப் பூட்டிவிட்டுப் போகிற ஒருத்தி. "தனியா இருக்க, பயமா இருக்கும்ல, அதான்," என்பார். பயம் எனக்கா அவருக்கா என்று நான் கேட்டதில்லை.

"அவுக திரும்ப ஊருக்குப் போனாகளா சார்?" என்று பாலகுரு சாரிடம் கேட்டேன்.

அவர் கையில் இருந்த தாளைப் புரட்டினார். அதில் பதில் இருக்காது என்று அவருக்கும் தெரியும். "பாட்டுல அது இல்லம்மா."

"வேற எதுலயாச்சும்?"

"சில பேரு கோயிலுக்கு விளக்கு வச்சதாக் கல்வெட்டுல வருது. ஊருக்குப் போனதா நான் எங்கயும் படிக்கல."

"டைம் ஆச்சு, ஆரம்பிக்கலாம்," என்றார் மேடம்.

நான் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒரே மகள், நாகவள்ளி. அவள் அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைத்தோம், கூப்பிடுவது வள்ளி என்று. என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பிளஸ் டூ படிக்கிறாள், நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள். நாத்தனாருக்கு லாரி ஓட்டுகிற மகன் ஒருவன் இருக்கிறான். வள்ளியைவிடப் பத்து வயது மூத்தவன். ஆடி முடிந்ததும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று நாத்தனார் முடிவு செய்துவிட்டாள். வள்ளிக்குப் பதினெட்டு ஆகவில்லையே என்றால், ஆதார் கார்டில் மாற்றிக்கொள்ளலாம், ஆள் இருக்கிறது என்கிறாள்.

"நீ நேர்ல வந்து ஒக்காந்தாத்தாம்மா இது நிக்கும்," என்று வள்ளி போனில் சொன்னாள். "நீ போன்ல பேசுனா அத்தை ஸ்பீக்கர்ல போட்டுட்டு டிவி பாக்குது."

அவள் சொன்னது உண்மை. தொலைவில் இருக்கிறவளின் கோபம் யாரையும் சுடாது. அன்றைக்கே மேடத்திடம் லீவு கேட்டேன்.

"நாடகம் முடியட்டும் விஜி. இப்ப நீ போயிட்டா அடிமைக்கு நான் எங்க போவேன்?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

மேடம் விடாமல் நான் போகவும் முடியாது. என் பாஸ்போர்ட் வந்த அன்றைக்கே மேடத்தின் லாக்கருக்குள் போய்விட்டது. "தொலைஞ்சிடும், பத்திரமா இருக்கட்டும்," என்று வாங்கிக்கொண்டார். அதை அவர் வைத்திருக்கலாமா என்று பாலகுரு சாரிடம் ஒருமுறை கேட்டேன். "சட்டப்படி கூடாதும்மா," என்று மெதுவாகச் சொன்னார். "நான் சொன்னேன்னு சொல்லிடாத," என்று அதைவிட மெதுவாகச் சொன்னார். அவருடைய பாஸ்போர்ட்டும் அதே லாக்கரில்தான் இருந்தது.

நாடகம் துபாயில் நடந்தது. கூட்டம் அள்ளியது. எனக்கு ஒரே ஒரு வசனம். அரசி என்னைப் பார்த்து, "பெண்ணே, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பார். நான் மண்டியிட்டு, "தாயே, உங்கள் நிழலே இனி எங்கள் நாடு," என்று சொல்ல வேண்டும். சொன்னேன். கைதட்டினார்கள். மறுநாள் லீவு கேட்கப் போனபோது மேடம் போனில் இருந்தார். சலாலா தமிழர்கள் அங்கேயும் நாடகம் போடக் கூப்பிடுகிறார்களாம்.

முதலில் எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. சலாலா ஓமனில் இருக்கிறது. எல்லை தாண்டிப் போக வேண்டும் என்றால் பாஸ்போர்ட் வெளியே வந்தாக வேண்டும்.

"அங்கருந்து கேரளாவுக்கு நேரா பிளைட் இருக்கு தங்கச்சி," என்றார் சோலையப்பன் அண்ணன். "கோழிக்கோட்ல எறங்குனா மறுநாள் ஊர்ல இருக்கலாம்."

டிக்கெட்டுக்குப் பணம் என்னிடம் இருந்தது. இல்லாதது அந்தச் சின்னப் புத்தகம் ஒன்றுதான்.

பஸ்ஸில் பாலைவனம் முழுக்கக் கடந்து போனோம். எல்லையில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேடமே தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், முத்திரை விழுந்ததும் மேடமே வாங்கிப் பைக்குள் வைத்தார். ஆபீசர் என் முகத்தையும் படத்தையும் பார்த்தார். நான் படத்தைப் பார்க்க எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

சலாலாவில் தூறல். அங்கே ஆடி மாதத்தில் அப்படித்தானாம், மலையெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. ரோட்டோரம் இளநீர்க் கடை, வாழைத் தோப்பு. கூட வந்தவர்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்று செல்ஃபி எடுத்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊர் மாதிரி இருப்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு ஊர் வேண்டும்.

நாடகத்துக்கு முன்னால் மேடத்துக்குச் சடை பின்னிவிடும்போது கேட்டேன். "மேடம், நாடகம் முடிஞ்சதும் என்னை இங்கருந்தே அனுப்பிருங்க. எம் மகளுக்கு ஆவணியில கல்யாணம்னு நிக்கிறாக. நான் போகலேன்னா கட்டி வச்சிருவாக."

"பாவம்," என்றார். மனதார, வருத்தமாகத்தான் சொன்னார். "பார்க்கலாம் விஜி. மஸ்கட்ல வேற கேக்கறாங்க. அது முடியட்டும். பூ கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வை."

பூவை இடது பக்கம் தள்ளி வைத்தேன். அந்த நேரத்தில்தான் முடிவு செய்தேன். தனியாகக் கேட்டால் இந்தம்மா ஆயுசுக்கும் பார்க்கலாம் என்றுதான் சொல்வார். ஊரே உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்டால் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. கேட்ட பிறகு வருகிற அடியோ திட்டோ வரட்டும்.

ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பட்டுச்சால்வை போட்டுக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வந்த பேச்சாளர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் சிறப்பு விருந்தினர். சோலையப்பன் அண்ணனும் மற்றவர்களும் தெர்மகோல் யானைத் தந்தங்களைச் சுமந்து வந்து அரசன் காலடியில் வைத்தார்கள். அடுத்து நாங்கள், கையில் கயிறு கட்டியபடி. அரசி சிம்மாசனத்திலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"பெண்ணே, உனக்கு என்ன வேண்டும்?"

நான் மண்டியிடவில்லை. வள்ளியை நினைத்துக்கொண்டேன்.

"என் பாஸ்போர்ட் வேணும் மேடம். நான் ஊருக்குப் போகணும். எம் மக காத்துக்கிட்டிருக்கா."

மைக் என் பக்கத்தில்தான் இருந்தது, ஹாலின் கடைசி வரைக்கும் கேட்டது. மேடத்தின் முகத்தில் பவுடருக்கு அடியில் ரத்தம் ஏறியதை நான் ஒருத்திதான் பார்த்தேன். பிறகு பின்னால் எங்கேயோ ஒருவர் கைதட்டினார். தட்டல் பரவியது. விசில் அடித்தார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

மேடம் கெட்டிக்காரி. கையை உயர்த்தி, "வழங்கினோம்," என்றார். கூரை இடிந்துவிடும் போல இருந்தது.

திட்டுக்குத் தயாராக இருந்தேன். திரையை இழுத்துவிடுவார்கள் என்றும் நினைத்திருந்தேன். கைதட்டலுக்கு நான் தயாராக இல்லை. கயிறு கட்டிய கையோடு அப்படியே நின்றேன்.

பேச்சாளர் மேடை ஏறினார். "அன்றைய வேளத்தையும் இன்றைய வளைகுடாவையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டார்களே," என்று ஆரம்பித்தார். பழம்பெருமையை இன்றைய கண்ணோடு பார்க்கும் துணிச்சல் என்றார். எழுதிய பாலகுரு சாருக்குப் பாராட்டு, நடிக்கத் தெரியாத என்னை இப்படி நடிக்க வைத்த மேடத்துக்குப் பாராட்டு. கடைசியில் சிரித்துக்கொண்டே, "அரசியார் வாக்குக் கொடுத்துவிட்டார், நிறைவேற்ற வேண்டாமா? ஒரு பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள், இந்தப் பெண்ணின் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம்," என்றார்.

மேடத்தால் மறுக்க முடியவில்லை. யாரோ ஓடிப் போய்க் கைப்பையை எடுத்து வந்தார்கள். மேடம் உள்ளே தேடி என்னுடையதையே எடுத்தார். எங்கள் இரண்டு பேர் கையும் அதன்மேல் இருந்தபோது கேமரா மின்னியது.

"சிரி விஜி," என்றார் மேடம்.

சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. என் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. அத்தனை பேர் பார்க்கக் கொடுத்தது. இனி எப்படித் திரும்ப வாங்குவார் என்று நினைத்தேன்.

மேடையைவிட்டு உள்ளே வந்தோம். மேடத்தைச் சுற்றிப் பெண்கள் கூடி நின்று வாழ்த்துச் சொன்னார்கள். மேடம் அவர்களிடம் பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டினார். கார் சாவிக்கு நீட்டுகிற மாதிரி. கண்ணாடிக்கு, போன் சார்ஜருக்கு நீட்டுகிற மாதிரி. நான் அதில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டேன்.

பிடுங்கியிருந்தால் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன். அதட்டியிருந்தால் கத்தியிருப்பேன். நீட்டினார், வைத்தேன். கை காலியான பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. பை ஜிப் போடும் சத்தம் கேட்டது.

சோலையப்பன் அண்ணன் தந்தங்களை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "குடுத்துட்டியா தங்கச்சி?"

"குடுத்துட்டேண்ணே."

அந்த மனிதருக்கு அப்போது ஒரு குசும்பும் வரவில்லை.

பாலகுரு சார் தேடி வந்தார். "மஸ்கட்லயும் அந்த வசனத்த அப்படியே வைக்கச் சொல்றாங்கம்மா," என்றார்.

"அது வசனம் இல்ல சார்."

"தெரியும்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தப் பாட்டச் சின்ன வயசுலேருந்து மனப்பாடமாச் சொல்றேன். எப்பவும் ராஜா பக்கத்துல நின்னுதான் பாத்திருக்கேன். கப்பல்ல வந்தவங்களுக்கு மக இருந்திருப்பான்னு ஒரு நாளும் தோணல."

"அப்ப மேடத்துக்கிட்ட நீங்க சொல்லுங்க சார்."

அவர் கையிலிருந்த தாள்களை நீள வாக்கில் மடித்தார், மறுபடி பிரித்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, கூடவே பரிதாபமும் வந்தது. கோபம்தான் அதிகம்.

மறுநாள் காலை பஸ் திரும்பிக் கிளம்பியது. பச்சை முடிந்து மறுபடி மணல் வந்தது. மேடம் எனக்கு முன் சீட்டுக்கும் முன் சீட்டில், பை மடியில். போனைத் திறந்தேன். நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் முழுக்க அந்தப் படம். சோலையப்பன் அண்ணன் அதைப் பார்த்துப் பூரித்துப் போய் முதல் ஆளாக எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் இருக்கும் குரூப்பில் போட்டிருக்கிறார், நான் உள்ளே போய்த் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே.

வள்ளியிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"அம்மா, போட்டோ பாத்தேன். பாஸ்போர்ட் கைக்கு வந்துருச்சுல்ல? நீ எம்புட்டு அழகாச் சிரிச்சிருக்க. அத்தைகிட்டக் காட்டிட்டேன். எங்கம்மா வருது, வந்து பேசிக்கிரும்னு சொல்லிட்டேன். அத்தை ஒண்ணும் பேசல. என் ஆதார் கார்ட மட்டும் குடு, பீரோவுல பத்திரமா வைக்கிறேன்னு கேட்டுச்சு. நீ வந்ததும் குடுக்கலாமா, இப்பயே குடுத்துரவா?"

இரண்டு தடவை கேட்டேன். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன், அழுதால் குரல் உடையும், அவள் பயப்படுவாள். போனை வாய்க்குக் கிட்டே வைத்து, பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"வள்ளி, நல்லாக் கேளு. அம்மா வரல. அந்தப் போட்டோ நாடகம். பாஸ்போர்ட்ட நானே திருப்பிக் குடுத்துட்டேன், அம்மா கிறுக்கி. நீ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காத. ஆதார் கார்டு, மார்க் ஷீட்டு எல்லாத்தையும் பள்ளிக்கூடப் பையில வையி. நாளைக்கு எப்பவும் போல கெளம்பி நேரா ஹெச்செம் டீச்சர்கிட்டப் போ. கல்யாணம் பேசுறாக, எனக்கு வயசு ஆகலேன்னு சொல்லு. 1098-க்கு, அதான் பிள்ளைகளுக்கு ஒதவி செய்ற நம்பருக்கு, போன் பண்ணச் சொல்லு. வீட்டுக்குப் போகச் சொன்னா ஹாஸ்டல்ல சேத்துவிடுங்கன்னு கேளு. அத்தை கையை நீட்டும். சண்ட போடாது, அதட்டாது, சும்மா நீட்டும். பத்திரமா வைக்கிறேன்னு சொல்லும். குடுத்துராத தாயி. ஒங் கை அதுவா நீளப் பாக்கும். அப்பவும் குடுத்துராத."

விரலை எடுத்தேன். பாலைவனத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. செய்தி போகாமல் ஓரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"விஜி, அந்த ஃபிளாஸ்க்கை எடு," என்றார் மேடம். திரும்பிப் பார்க்கவில்லை, சீட்டுகளுக்கு நடுவே கை மட்டும் பின்னால் நீண்டது.

ஃபிளாஸ்க் என் காலடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் இரண்டாவது தடவை கூப்பிட்டார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. வட்டம் மறைந்து செய்திக்கு அடியில் ஒரு டிக் விழுந்தது. வள்ளியின் போனில் போய்ச் சேர்ந்து அது இரண்டாகும்வரை நான் அசையவில்லை.